ஏழாவது துறை

போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு துறைகள் சொல்கிறது. நல்ல கல்லாகத் தேடிப் பார்ப்பது காட்சி. அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. நிறுத்துவது நடுகல். படைத்துச் சிறப்புச் செய்வது பெரும்படை. கடைசியாக வாழ்த்து. ஆறோடு முடிந்தது. நட்ட கல் சாய்ந்தால் யார் நிமிர்த்துவது, பாசி பிடித்தால் யார் கழுவுவது என்பதற்கெல்லாம் ஏழாவதாக ஒரு துறை கிடையாது.

தொல்காப்பியரைக் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் ஊர் பக்கத்திலேயே இருந்தது. செத்தவனைத் தெய்வமாகக் கும்பிட்டது. கும்பிடுகிற கல்லுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எதற்கு? எண்ணெயும் மாலையும் தானாக வரும். கும்பிடுகிறவர் இடம்பெயர்ந்து போனால்தான் வம்பு. அதன் பிறகு அந்தக் கல்லில் துணி துவைப்பார்கள். நம் கிராமங்களில் பல நடுகற்கள் அப்படித்தான் கண்டெடுக்கப்பட்டன.

இந்த ஏழாவது துறை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ராணுவத்தினருக்கு உலகத்திலேயே அதிகம் சல்யூட் அடிக்கிற நாடு என்று பெயரெடுத்த அமெரிக்காவில் போய்ப் பார்ப்போம். அங்கே ஆறு துறைகளும் அமர்க்களமாக நடக்கும். கொடி, பேண்டு வாத்தியம், துப்பாக்கி மரியாதை, எதிலும் குறை வைக்க மாட்டார்கள். ஏழாவதில் என்ன மார்க் வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஃபிலடெல்ஃபியா நகரின் தென்மேற்கு ஓரத்தில் மவுன்ட் மோரியா என்று ஒரு கல்லறைத் தோட்டம். 1855-இல் ஆரம்பித்தது. சுமார் 200 ஏக்கர். குறுக்கே காப்ஸ் க்ரீக் என்று ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியா, அந்தப் பக்கம் யேடன் என்கிற சிற்றூர். ஒரு காலத்தில் வசதியான குடும்பங்கள் எல்லாம் அங்கே இடம் வாங்கிப்போட்டன.

கல்லறைத் தோட்டம் நடத்துவது ஒரு விசித்திரமான வியாபாரம். ஓர் இடத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். வாங்கியவர் காலி செய்யவே மாட்டார். விற்று முடித்த அன்றைக்கு வருமானம் நின்றுவிடும். புல் மட்டும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி, அதன் வட்டியில் பராமரிக்க ஏற்பாடு செய்யாத பழைய தோட்டங்கள் எல்லாம் ஒருநாள் படுத்தே தீரும்.

மவுன்ட் மோரியா படுத்தது. அதை நடத்திய சங்கத்தின் கடைசி உறுப்பினர் 2004-இல் இறந்துபோனார். 2011-இல் முன்னறிவிப்பு இல்லாமல் கதவை மூடிவிட்டார்கள். யார் சொந்தக்காரர் என்று தேடினால், யாருமே இல்லை. சொந்தக்காரர் இல்லாத 200 ஏக்கர்! நம்மூராக இருந்தால் மறுநாள் காலையில் நாலு பேர் பட்டாவோடு வந்திருப்பார்கள். அங்கே ஒருவரும் வரவில்லை. சொந்தம் கொண்டாடினால் புல் வெட்ட வேண்டுமே!

ஆள் உயரத்துக்குப் புதர் மண்டியது. கல்லறைகளுக்கு நடுவே மரங்கள் முளைத்துக் கற்களைப் புரட்டிப்போட்டன. பழைய டயரும் குப்பையும் கொண்டுவந்து கொட்டினார்கள். வாசலில் இருந்த அழகான கட்டடம் சிதைந்தது.

ஆனால் இந்தக் காட்டுக்குள் இரண்டு இடங்கள் மட்டும் பச்சைப் பசேலென்று, சீராக வெட்டிய புல்லோடு இருந்தன. ஒன்று சோல்ஜர்ஸ் லாட். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் யூனியன் வீரர்கள் 404 பேர் அங்கே இருக்கிறார்கள். இன்னொன்று நேவல் பிளாட். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த கடற்படை முதியோர் இல்லத்துக்காக வாங்கிய இடம். சுமார் 2,400 கடற்படையினர். அந்த நாட்டின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள் மட்டும் அவர்களில் 20 பேருக்கு மேல். இந்த இரண்டு இடங்களையும் பராமரிப்பது அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை. வெள்ளைக் கற்கள் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும்.

ஆஹா, அரசாங்கம் வீரர்களைக் கைவிடவில்லை என்று கைதட்டலாம்தான். ஒரு நிமிஷம் பொறுங்கள்.

அந்த இரண்டு பச்சைத் தீவுகளுக்கு வெளியே, புதருக்குள்ளேயும் வீரர்கள் இருந்தார்கள். அதே உள்நாட்டுப் போரில் சண்டை போட்டு, உயிரோடு வீடு திரும்பி, கல்யாணம் செய்து, கடை வைத்துப் பிழைத்து, வயசாகிச் செத்து, குடும்ப இடத்தில் மனைவி பக்கத்தில் புதைக்கப்பட்டவர்கள். அதற்குப் பிந்தைய போர்களுக்குப் போனவர்களும் அப்படியே. இவர்கள் கற்கள் உடைந்தன, சாய்ந்தன, மண்ணுக்குள் போயின. அதே ஊர், அதே மழை, அதே ராணுவம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்த நிலம் அரசாங்க ரிஜிஸ்டரில் இருக்கிறது, இந்த நிலம் இல்லை.

அதாவது ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்தவனுக்குப் புல் வெட்டப்பட்டது. குடும்பத்தோடு வாழ்ந்து செத்தவனுக்குக் காடு. காரணம், அவனுக்குக் குடும்பம் இருக்கிறதாம், அது பார்த்துக்கொள்ளுமாம். எத்தனை தலைமுறைக்கு? உங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவரைப் புதைத்த அல்லது எரித்த இடம் தெரியுமா? தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். உலகம் முழுக்க மனுஷர்களின் ஞாபகம் மூன்று தலைமுறைதான் தாங்குகிறது. அதற்கு மேல் தாங்குவதற்காகத்தான் கல்லை வைத்தார்கள். அந்தக் கல்லைக் காப்பாற்றுகிற வேலையை மறுபடியும் குடும்பத்தின் தலையில் போட்டால் என்ன நியாயம்?

துறை ஊழியர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தங்கள் பொறுப்பில் இல்லாத தனியார் நிலத்தில் அவர்களாக இறங்கிப் புல் வெட்ட முடியாது. கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. 1879-இல் அமெரிக்கா ஒரு நல்ல சட்டம் போட்டது. தனியார் கல்லறைகளில் பெயரில்லாமல் கிடக்கும் யூனியன் வீரர்களுக்கும் அரசு இலவசமாகக் கல் கொடுக்கும் என்றது. பிற்பாடு மற்ற போர்களின் வீரர்களுக்கும் அது விரிந்தது. இன்றும் உண்டு. ஆனால் தனியார் கல்லறைத் தோட்டம் என்றால் கல்லுக்குத்தான் காசில்லை. நடுகிற கூலி உங்கள் செலவு. நட்ட பிறகு பராமரிப்பும் உங்கள் பாடு. ஐந்து படி எண்ணெயை இலவசமாகக் கொடுத்துவிட்டு, விளக்கையும் திரியையும் நீயே வாங்கிக்கொள் என்கிற கதை.

அந்தக் கல்லைக் கேட்பதற்கும் ஒரு தடை வந்தது. 2009-இல் திருத்திய விதிப்படி, கல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் இறந்தவரின் நெருங்கிய உறவினர், அல்லது அந்த உறவினரிடம் எழுதி வாங்கியவர். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய போரில் சண்டை போட்டவனுக்கு இன்றைக்கு நெருங்கிய உறவினரை எங்கே போய்த் தேடுவது? பழைய பதிவேடுகளைத் தோண்டி, இன்னார் இந்தப் படைப்பிரிவில் இருந்தார், இந்த இடத்தில் புதைந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துக் கொடுத்த உள்ளூர் ஆர்வலர்களிடம், ‘நீங்கள் அவருக்கு என்ன உறவு?’ என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2016-இல் விதி மாறியது. 1917 ஏப்ரல் 6-க்கு முன்பு, அதாவது அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கு முன்பு, ராணுவ சேவை முடிந்தவர்களுக்கு யார் வேண்டுமானாலும் கல் கேட்கலாம் என்றார்கள். செத்தவனுக்காகப் பேச உறவு வேண்டாம், அக்கறை போதும் என்று ஒத்துக்கொள்ள ஓர் அரசாங்கத்துக்கு ஏழு வருஷம் ஆயிற்று. சரி, ஆயிற்றே!

அடுத்து அக்கறைக்காரர்கள் பக்கம் திரும்புவோம். அவர்களையும் கொஞ்சம் விமரிசிக்க வேண்டியிருக்கிறது.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே மெமோரியல் டே. 1868-இல் உள்நாட்டுப் போர் வீரர்களின் கல்லறைக்குப் பூ வைக்கிற நாளாகத் தொடங்கியது. வீரர் கல்லறைகளில் சின்னக் கொடி குத்துவது வழக்கம். அந்தச் சமயத்தில் ஆர்வம் பொங்கி, ஒரு கையில் பிளீச்சிங் திரவம், மறு கையில் கம்பி பிரஷ் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். தேய்த்த ஒரு மணி நேரத்தில் கல் பளபளவென்று ஆகிவிடும். போட்டோ அழகாக வரும். கல்லின் ஆயுள் போய்விடும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம்மூருக்கும் பயன்படும். அமெரிக்க அரசின் பழைய வீரர் கற்கள் பெரும்பாலும் பளிங்கு. 1873-இல் அளவைத் தீர்மானித்தார்கள். நாலு அங்குல கனம், பத்து அங்குல அகலம், தரைக்கு மேலே பன்னிரண்டு அங்குலம். அதற்கு முன்னால் ராணுவத் தளவாட அதிகாரி மெய்க்ஸ், செலவு குறைவு என்று துத்தநாகம் பூசிய வார்ப்பிரும்புப் பலகைகளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். கடைசியில் கல் ஜெயித்தது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் கலந்த மழை நூறு வருஷம் பெய்தால் மேல்தோல் சர்க்கரை மாதிரி உதிரும். எழுத்து மங்கும். அந்தத் தோலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், மழை ஐம்பது வருஷத்தில் செய்கிற வேலையை நீங்கள் அரை மணியில் முடித்துவிடுவீர்கள். பிளீச் இன்னும் மோசம். அதன் உப்பு கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்து, காய்ந்து, படிகமாகி, உள்ளிருந்தே கல்லை வெடிக்க வைக்கும். உடைந்த துண்டுகளைச் சிமென்ட் பூசி ஒட்டுவது அடுத்த பாவம். சிமென்ட் பழைய கல்லைவிடக் கெட்டி. வெயிலிலும் குளிரிலும் இரண்டும் விரிந்து சுருங்கும்போது சிமென்ட் ஜெயிக்கும், கல் பிளக்கும்.

அப்படியானால் எப்படி? சுத்தமான தண்ணீர், மெல்லிய நார் பிரஷ், அமிலமும் பிளீச்சும் இல்லாத, பாசியைக் கொல்லும் திரவம், நிறையப் பொறுமை. ஆடுகிற கல்லைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது வேறு. படம் எடுங்கள். எழுத்து எது வரை தெரிகிறதோ அது வரை குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் எத்தனையாவது என்று வரைபடம் போடுங்கள். கல் போனாலும் பெயர் மிஞ்சும். கழுவுவது அதற்கப்புறம். இது அலுப்பான வேலை, போட்டோவுக்கு நன்றாக வராது. அதனால்தான் இதைச் செய்ய ஆள் குறைவு.

மவுன்ட் மோரியாவில் அந்த அலுப்பான வேலையைச் செய்ய ஆள் வந்தார்கள். கதவு மூடிய அதே 2011-இல் ‘மவுன்ட் மோரியா நண்பர்கள்’ என்று ஓர் அமைப்பு தொடங்கியது. 2012-இல் நீதிமன்றம் தோட்டத்தைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் அமைப்பை நியமித்தது. ஏக்கர் ஏக்கராகப் புதர் வெட்டி, சாய்ந்ததை நிமிர்த்தி, பெயர்களைக் குறித்து வருகிறார்கள். வீரன் கல்லா, வியாபாரி கல்லா என்று பார்த்துப் புதர் வளரவில்லை. எனவே இவர்களும் அப்படிப் பார்த்து வெட்ட முடியாது. வீரன் கல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் அவன் மனைவி கல்லையும், பக்கத்துக் கடைக்காரர் கல்லையும் சேர்த்துத்தான் காப்பாற்றியாக வேண்டும். அரசாங்கத்துக்குப் புரியாத விஷயம் அரிவாள் பிடித்தவனுக்கு முதல் நாளே புரிந்திருக்கும்.

இப்படி ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1837-இல் தொடங்கிய மான்யுமென்ட் கல்லறைத் தோட்டம். பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு வாகனம் நிறுத்த இடம் தேவைப்பட்டது. 1956-இல் சுமார் 28,000 உடல்களைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். உரிமை கோர ஆள் இல்லாதவர்கள், அவர்கள்தான் பெரும்பாலோர், மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய கற்கள்? டெலவேர் ஆற்றில் போட்டார்கள். இன்றும் தண்ணீர் வற்றும் நேரத்தில், பெட்ஸி ராஸ் பாலத்துக்கு அருகே கரையில் அவை தெரியும்.

அந்தப் பாலத்தின் பெயரைக் கவனியுங்கள். அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற பெட்ஸி ராஸ். சமகால ஆதாரம் எதுவும் இல்லாத கதை அது. 1836-இல் இறந்த அந்த அம்மாளை 1856-இல் மவுன்ட் மோரியாவுக்கு மாற்றிப் புதைத்தார்கள். சுதந்திரத்தின் 200-வது ஆண்டு விழா வருகிறதென்று 1975-இல் மறுபடியும் தோண்டினார்கள், சுற்றுலாப் பயணிகள் வருகிற அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோக. கல்லுக்குக் கீழே எலும்பே இல்லை! குடும்ப இடத்தில் வேறொரு பக்கம் கிடைத்த எலும்புகளை இவை அவருடையவைதான் என்று முடிவு செய்து எடுத்துப் போனார்கள். கொடி தைத்ததாகச் சொல்லப்படுகிறவரின் எலும்புக்கு இவ்வளவு தேடல். கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடியவனின் கல் அதே தோட்டத்தில் புதருக்குள். விழாவுக்குப் பயன்படுகிற பிணத்துக்கு ஒரு விலை, பயன்படாததற்கு வேறு விலை.

அமெரிக்காக்காரனைத் திட்டியது போதும், நம்ம ஊர்க் கதை என்ன என்று கேட்பீர்கள். இதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் எழுதிய ஓர் இடம் சென்னையிலேயே இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மெட்ராஸ் போர்க் கல்லறை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. புல்லும் பூச்செடியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். 1952-இல் அமைத்தார்கள். ஏன் தெரியுமா? இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள பல ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை அங்கங்கே நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் கல்லறைகளைக் காப்பாற்ற முடியாததால் பெயர்களை மட்டும் ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்துவிட்டார்கள். உடல்கள் இன்னும் எங்கெங்கோ.

இது நேர்மையான பதில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆணையத்தின் ரிஜிஸ்டருக்கும் ஒரு வேலி உண்டு. இரண்டாம் போர்க் கணக்கு 1947 டிசம்பர் 31-உடன் முடிகிறது. பட்ட காயத்தோடு ஊருக்கு வந்து மறுநாள் செத்தவன் கணக்கில் இல்லை. அந்தஸ்து, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான நினைவு என்று சொல்லி 1917-இல் தொடங்கிய ஆணையம் அது. அதுவே நியமித்த குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேரை, ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரவில்லை, அல்லது நினைவுகூரவே இல்லை என்றது. பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பாராட்ட வேண்டும். நூறு வருஷம் கழித்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கேட்கலாம். ‘செத்தவன் கல்லைக் கழுவுகிற காசில் உயிரோடு இருக்கிற முன்னாள் ராணுவத்தானுக்கு மருந்து வாங்கித் தரலாமே?’ தரவேண்டும், முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் கல்லுக்குச் செலவழிக்காத எந்த அரசாங்கமும் அந்தக் காசை மருந்துக்குத் திருப்பியதாக நான் கேள்விப்படவில்லை. இன்னொருவர் கேட்கலாம். ‘இதெல்லாம் போரை மகிமைப்படுத்துவது ஆகாதா?’ தலைகீழ். கல்லறை கண்ணில் படாத போர்தான் கம்பீரமாகத் தெரியும். இருபத்திரண்டு வயசு, பத்தொன்பது வயசு என்று வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள், பேண்டு வாத்தியம் காதில் கேட்காது.

உங்கள் ஊரிலும் இருக்கும். பழைய கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம், வயல் வரப்பில் சாய்ந்த நடுகல். ஒரு நோட்டும் கேமராவும் எடுத்துக்கொண்டு போய், படிக்க முடிகிற பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தேய்க்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், சுண்ணாம்பு அடிக்கவே வேண்டாம். குறித்ததை ஒரு பிரதி எடுத்து உள்ளூர் நூலகத்தில் கொடுங்கள். முதல் ஆறு துறைகளுக்கு மந்திரி வருவார், மாலை வரும், கேமராக்களும் வரும். ஏழாவது துறைக்கு இலாகாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. அதனால்தான் அது நம்மிடம் வந்திருக்கிறது.